பள்ளிக்கு எத்தனை வயது? – வாசகர் கேள்விகளும் பதில்களும்

சென்ற சில வாரங்களில் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல், சென்னையின் புறநகர்களில் உள்ள அரசு உயர்நிலைப் பள்ளிகளின் வரலாற்றைப் பற்றியவை. ஆண்டு விழாவுக்கு மலர் தயாரிக்கும் முன்னாள் மாணவர்களே பெரும்பாலும் எழுதியிருக்கிறார்கள். கேள்விகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதால், இந்த இதழில் அந்த ஒரு பொருளையே எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: எங்கள் அரசு உயர்நிலைப் பள்ளியின் வாயில் வளைவில் ஓர் ஆண்டு எழுதியிருக்கிறது. பழைய கட்டடத்தின் சுவரில் பதித்த கல்லில் அதற்குக் கால் நூற்றாண்டு முந்திய ஆண்டு இருக்கிறது. எண்பது வயதைக் கடந்த என் பெரியப்பாவோ, தம் தந்தையார் அந்தக் கல்லுக்கும் முன்பே அங்கே படித்ததாகச் சொல்கிறார். விழா மலரில் எந்த ஆண்டைப் போடுவது? (தாம்பரத்தை அடுத்த ஊரிலிருந்து ஒரு வாசகர்)

பதில்: மூன்றையும் போடுங்கள், ஆனால் எது எதனுடைய ஆண்டு என்று சொல்லிப் போடுங்கள். சென்னையைச் சுற்றியுள்ள அரசு உயர்நிலைப் பள்ளிகளில், வெற்று நிலத்தில் உயர்நிலைப் பள்ளியாகவே பிறந்தவை குறைவு. மற்றவை தொடக்கப் பள்ளியாகத் தொடங்கி, நடுநிலைப் பள்ளியாக வளர்ந்து, பின்னர் தரம் உயர்த்தப்பட்டவை. வளைவில் இருப்பது பெரும்பாலும் அப்படித் தரம் உயர்ந்த ஆண்டாக இருக்கும். சுவரில் உள்ள கல் கட்டடத்துக்கு உரியது. பள்ளி அதற்கு முன்பே ஒரு கூரைக் கொட்டகையிலோ, சத்திரத்திலோ, ஊர்ப் பெரியவர் ஒருவர் வீட்டுத் திண்ணையிலோ நடந்திருக்கலாம். உங்கள் பெரியப்பாவின் தந்தையார் படித்தது அந்தப் பள்ளியாக இருக்கக்கூடும். அப்படியானால் மூன்று பேருமே உண்மை சொல்கிறார்கள்.

இதை விளங்கிக்கொள்ள, உள்ளூர்ப் பள்ளிகள் யார் கையிலிருந்து யார் கைக்குப் போயின என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். 1822இல் சென்னை ஆளுநர் தாமஸ் மன்றோ, மாவட்டந்தோறும் உள்ள பள்ளிகளைக் கணக்கெடுத்து அனுப்பும்படி ஆட்சியர்களுக்கு ஆணையிட்டார். மாகாணம் முழுவதிலும் 12,498 பள்ளிகள் இருப்பதாக அந்தக் கணக்கு சொன்னது. அவற்றில் மிகப் பெரும்பாலானவை நாம் திண்ணைப் பள்ளி என்று அழைக்கும் ஓராசிரியர்ப் பள்ளிகளே. 1854இல், இந்திய நிர்வாகத்தை லண்டனிலிருந்து மேற்பார்த்த சார்லஸ் உட் அனுப்பிய கல்வி அறிக்கைக்குப் பின் தனியாக ஒரு கல்வித் துறை ஏற்பட்டது. அதன் விதிகளுக்கு உட்பட்ட பள்ளிகளுக்கு அரசு மானியமும் கிடைக்கலாயிற்று. 1884ஆம் ஆண்டின் ஸ்தல ஸ்தாபனச் சட்டம், அதாவது உள்ளாட்சிச் சட்டம், ஜில்லா போர்டு, தாலுகா போர்டு, யூனியன் என்ற நிர்வாக அடுக்குகளை உண்டாக்கியபோது, நகராட்சி இல்லாத ஊர்களின் பள்ளிகள் பலவும் இவற்றின் பொறுப்பில் வந்தன. 1920இல் வந்த தொடக்கக் கல்விச் சட்டம் இந்தப் போக்கை விரைவுபடுத்தியது. 1934இல் தாலுகா போர்டுகள் ஒழிக்கப்பட்டதும் அவற்றின் பள்ளிகள் ஜில்லா போர்டுக்குப் போயின. ஜில்லா போர்டுகளும் கலைக்கப்பட்ட பிறகு, 1960களின் தொடக்கத்தில், தொடக்கப் பள்ளிகளும் நடுநிலைப் பள்ளிகளும் ஊராட்சி ஒன்றியங்களின் பொறுப்பாயின. இத்தனை மாற்றத்திலும் அதே வேப்ப மரத்தடியில் அதே வாத்தியார் அதே வாய்ப்பாட்டைச் சொல்லிக்கொடுத்திருப்பார். மாறியது முத்திரை மட்டுமே. ஒவ்வொரு முத்திரை மாற்றத்தையும் யாராவது ஒருவர் 'பள்ளி தொடங்கிய ஆண்டு' என்று எழுதி வைத்துவிட்டுப் போயிருப்பார்.

நம்மில் ஒரு தலைமுறையே ஜூன் மாதத்தில் பிறந்ததை இங்கே நினைத்துப் பார்க்கலாம். வலக் கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுபோய் இடக் காதைத் தொடச் சொல்லி, தொட்டுவிட்டால் ஐந்து வயது நிரம்பிவிட்டது என்று தலைமையாசிரியர் ஒரு ஜூன் தேதியைப் பதிவேட்டில் எழுதிக்கொள்வார். வீட்டில் புரட்டாசி என்பார்கள். சான்றிதழ் ஜூன் என்று சொல்லும். பள்ளிகளின் பிறந்த தேதியும் அவ்வாறே எழுதப்பட்டதுதான்.

மலர் தயாரிக்கும் குழுக்கள் பலவும் தவறவிடும் ஒரு செய்தி உண்டு. ஒன்றிய நடுநிலைப் பள்ளி உயர்நிலைப் பள்ளியாகத் தரம் உயரும்போது, ஆறு முதல் எட்டு வரையிலான வகுப்புகள் புதிய உயர்நிலைப் பள்ளியோடு சேரும். ஒன்று முதல் ஐந்து வரையிலான வகுப்புகள் ஒன்றியத் தொடக்கப் பள்ளியாகத் தனியே நிற்கும். அதற்குத் தனித் தலைமையாசிரியர், தனி முத்திரை. பழைய பதிவேடுகள் பெரும்பாலும் அந்தத் தொடக்கப் பள்ளியோடு தங்கிவிடும். ஆகவே உங்கள் உயர்நிலைப் பள்ளியின் முன்கதை, வளாகச் சுவருக்கு அந்தப் பக்கம், சத்துணவுக் கூடத்தை ஒட்டிய சிறிய பள்ளியின் பீரோவில் இருக்க இடமுண்டு. முதலில் அங்கே போய்க் கேளுங்கள்.

கேள்வி: தாத்தாவின் பழைய சான்றிதழ் ஒன்றில் 'கழக உயர்நிலைப் பள்ளி' என்று முத்திரை இருக்கிறது. அது அரசியல் கட்சி நடத்திய பள்ளியா? வீட்டில் இதைப் பற்றிப் பெரிய வாக்குவாதமே நடந்துவிட்டது. (பூவிருந்தவல்லி வாசகி)

பதில்: வாக்குவாதத்தை நிறுத்திவிடலாம். கட்சிக்கும் அந்த முத்திரைக்கும் தொடர்பில்லை. 'போர்டு' என்ற சொல்லுக்கு அக்காலத்தில் 'கழகம்' என்று தமிழாக்கம் செய்தார்கள். இன்று 'வாரியம்' என்கிறோம். 'ஜில்லா போர்டு ஹைஸ்கூல்' என்று ஊரார் சொன்னதே முத்திரையில் 'கழக உயர்நிலைப் பள்ளி' ஆயிற்று. ஊர்ப் பேச்சில் அது வெறும் 'போர்டு ஸ்கூல்'. அறுபது வயதைத் தாண்டிய யாரைக் கேட்டாலும் அந்தப் பெயரைச் சொல்வார்கள்.

சென்னை நகர எல்லைக்கு வெளியே இருந்த ஊர்கள் அப்போது செங்கல்பட்டு ஜில்லாவைச் சேர்ந்தவை. நகரத்துக்குள் மாநகராட்சியும் கிறித்தவ சபைகளும் இந்து அறநிலையங்களும் வைத்த உயர்நிலைப் பள்ளிகள் நெருக்கமாக இருந்தன. எல்லையைத் தாண்டினால், மானியம் பெறும் பள்ளி ஏதும் அருகில் இல்லாத ஊர்ப் பிள்ளைக்கு போர்டு பள்ளியை விட்டால் வேறு வழியில்லை. அதுவும் இலவசம் அன்று. மாதந்தோறும் பள்ளிச் சம்பளம், அதாவது கட்டணம், கட்ட வேண்டும். வகுப்பு உயர உயரச் சம்பளமும் உயரும். தகுதியுள்ள வகுப்பினருக்கு அரைச் சம்பளச் சலுகை இருந்தது. ஆறாம் வகுப்பை முதல் பாரம் என்றும், பதினோராம் வகுப்பை ஆறாம் பாரம் என்றும் சொல்வார்கள். ஆறாம் பாரத்தின் முடிவில் எஸ்.எஸ்.எல்.சி. தேர்வு. அதன் சான்றிதழ் இன்றுள்ளது போன்ற ஒற்றைத் தாள் அன்று. தைத்துக் கட்டிய ஒரு சிறு புத்தகம். மேல் வகுப்புகளின் மதிப்பெண்ணும், 'வலது முழங்கையில் ஒரு மச்சம்' போன்ற அங்க அடையாளமும் அதில் இருக்கும். உங்கள் தாத்தாவினுடையது அந்தப் புத்தகமாக இருந்தால், பத்திரமாகத் துணியில் சுற்றி வையுங்கள். பிளாஸ்டிக் உறையில் போட்டு மூடிவிடாதீர்கள், ஈரம் பூத்துவிடும்.

ஜில்லா போர்டுகள் கலைக்கப்பட்ட உடனே அவற்றின் உயர்நிலைப் பள்ளிகள் அரசுப் பள்ளிகள் ஆகிவிடவில்லை. ஏறத்தாழப் பத்தாண்டுகள் தனிப் பிரிவாகவே நடந்து, 1970இல்தான் முழுமையாக அரசின் கீழ் வந்தன. எனவே, 1960களில் படித்த ஒருவரின் சான்றிதழில் கழகப் பள்ளி என்றும், அதே வகுப்பறையில் சில ஆண்டுகள் கழித்துப் படித்த அவர் தம்பியின் சான்றிதழில் அரசுப் பள்ளி என்றும் இருந்தால் வியப்பதற்கில்லை. 'எங்கள் பள்ளி 1970இல் தொடங்கியது' என்று சில மலர்களில் அச்சாகியிருப்பதற்கும் காரணம் இதுதான். அது பெயர் மாறிய ஆண்டு.

கேள்வி: ஆவடி, அம்பத்தூர், பல்லாவரம் பக்கமுள்ள அரசு உயர்நிலைப் பள்ளிகளில் பல, 1950களின் பிற்பகுதியிலும் 1960களிலும் உயர்நிலைப் பள்ளிகள் ஆனவையாகத் தெரிகின்றன. அந்தக் காலத்தில் அப்படி என்ன நடந்தது? (ஆவடி வாசகர்)

பதில்: இரண்டு நிகழ்ச்சிகள் ஒரே காலத்தில் நடந்தன. ஒன்று மாநிலம் முழுவதற்கும் பொதுவானது. மற்றொன்று புறநகருக்கே உரியது.

முதலாவது எல்லோரும் அறிந்தது. பிள்ளைகள் பாதி நேரம் பள்ளியிலும் பாதி நேரம் பெற்றோரின் தொழிலிலும் கழிக்க வேண்டும் என்று இராஜாஜி அரசு 1953இல் கொண்டுவந்த திட்டம் குலக்கல்வித் திட்டம் என்று எதிர்க்கப்பட்டது. 1954 ஏப்ரலில் முதலமைச்சரான காமராசர் அதைக் கைவிட்டார். ஒரு மைலுக்குள் தொடக்கப் பள்ளி, மூன்று மைலுக்குள் நடுநிலைப் பள்ளி, ஐந்து மைலுக்குள் உயர்நிலைப் பள்ளி என்பது அவருடைய ஆட்சியின் இலக்கு. கல்வித் துறைக்கு இயக்குநராக வாய்த்த நெ. து. சுந்தரவடிவேலு செங்கல்பட்டு மாவட்டத்துக்காரர், நெய்யாடுபாக்கத்தில் பிறந்தவர். 1956இல் பள்ளி மதிய உணவுத் திட்டம் மாநில அளவில் தொடங்கியது. ஊர் மக்களே பள்ளிக்கு வேண்டிய மேசை, நாற்காலி, கடிகாரம், நிலம் ஆகியவற்றைக் கொடுக்க முன்வரும் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் 1958இல் தொடங்கின. முதல் மாநாடு நடந்த கடம்பத்தூர், ஆவடியிலிருந்து அரக்கோணம் செல்லும் அதே இரயில் பாதையில், திருவள்ளூரை அடுத்து இருக்கிறது. உங்கள் பள்ளியின் பழைய பெஞ்சுகளிலோ இரும்பு மணியிலோ 'அன்பளிப்பு' என்று பெயர் பொறித்திருந்தால், அது அந்த அலையில் வந்ததா என்று பாருங்கள். ஏழைப் பிள்ளைகளுக்கு என்று 1960இல் தொடங்கிய கட்டணச் சலுகை, 1964-65 கல்வியாண்டில் எஸ்.எஸ்.எல்.சி. வரை எல்லோருக்கும் இலவசம் என்று விரிந்தது. சம்பளம் கட்ட வழியில்லாமல் எட்டாம் வகுப்போடு நின்றிருக்க வேண்டிய பிள்ளைகள் ஒன்பதாம் வகுப்புக்கு வந்தார்கள். அவர்களுக்கு இடம் வேண்டியிருந்தது.

இரண்டாவதைப் பற்றி விழா மலர்கள் அதிகம் பேசுவதில்லை. கடற்கரை–தாம்பரம் மின்சார இரயில் 1931இலேயே ஓடத் தொடங்கிவிட்டது. எனினும், தெற்கே மாம்பலத்துக்கும் சைதாப்பேட்டைக்கும் அப்பால் ஊர்கள் நெடுநாள் ஏரியும் வயலுமாகவே இருந்தன. விடுதலைக்குப் பின்னர்தான் நிலைமை மாறியது. பெரம்பூரில் இரயில் பெட்டித் தொழிற்சாலை 1955இல் தொடங்கப்பட்டது. கிண்டித் தொழிற்பேட்டை 1958இல் வந்தது. ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை எழுந்து 1965இல் முதல் விஜயந்தா டாங்கியை வெளியே அனுப்பியது. அம்பத்தூர்த் தொழிற்பேட்டையும் அதே பத்தாண்டில் உருவானது. வேலைக்கு வந்தவர்கள் குடும்பத்தோடு வந்தார்கள். பெரிய ஆலைகளும் மத்திய அரசு நிறுவனங்களும் தங்கள் குடியிருப்புகளில் தங்கள் ஊழியரின் பிள்ளைகளுக்குப் பள்ளி வைத்துக்கொண்டன. அந்தக் குடியிருப்புக்கு வெளியே வாடகைக்கு இருந்த சிறு பட்டறைத் தொழிலாளியின் பிள்ளையும், ஏரிக்கரையில் பரம்பரையாகப் பயிர் செய்தவரின் பிள்ளையும் போய்ச் சேர்ந்த இடம் ஊர் நடுநிலைப் பள்ளி. அது நிரம்பி வழிந்தது. உயர்நிலைப் பள்ளியாக்கித் தரும்படி ஊரார் மனுக் கொடுத்தார்கள். மக்கள் பங்குத் தொகையைத் திரட்டிக் கட்டினார்கள். விளையாட்டு மைதானத்துக்கு நிலம் காட்டினார்கள். அரசாணையில் ஒரே வரியாக இருக்கும் 'தரம் உயர்த்தப்படுகிறது' என்பதற்குப் பின்னால் இத்தனையும் இருக்கிறது. ஆவடிப் பக்கத்துப் பள்ளி ஒன்றின் வரலாற்றை எழுதுவதாக இருந்தால், முதலமைச்சரின் படத்தைப் போடும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்தில் அந்த மனுவில் கையெழுத்திட்டவர்களைப் பற்றி எழுதுவேன்.

கேள்வி: என் அக்கா பதினோராம் வகுப்பில் எஸ்.எஸ்.எல்.சி. எழுதினார், நான் அதே பள்ளியில் பத்தாம் வகுப்பிலேயே எழுதினேன். பள்ளியின் தரம் குறைக்கப்பட்டதா? (வில்லிவாக்கம் வாசகி)

பதில்: குறைக்கப்படவில்லை, கணக்கு மாறியது. பதினொன்று ஆண்டுப் பள்ளியும் கல்லூரியில் ஓராண்டு பி.யூ.சி. என்ற புகுமுக வகுப்பும் என்றிருந்த முறை போய், பத்தும் இரண்டும் என்ற முறை வந்தது. 1978இல் தமிழ்நாட்டில் மேல்நிலை முதலாம் ஆண்டு தொடங்கியது. அதில் சேர்ந்தவர்கள் 1980 மார்ச்சில் முதல் பிளஸ் டூ பொதுத்தேர்வை எழுதினார்கள். உயர்நிலைப் பள்ளிகளின் வரலாற்றில் இதைப் போல் ஒரு பிளவு வேறில்லை என்பேன். அதுவரை ஓர் ஊரின் மிகப் பெரிய பள்ளி என்றால் அது உயர்நிலைப் பள்ளி. 1978க்குப் பின் அதற்கு மேலே ஒரு படி முளைத்துவிட்டது. மேல்நிலையாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவை ஆய்வகமும் முதுகலை ஆசிரியர்களும் பெற்றன. தேர்ந்தெடுக்கப்படாதவை பதினோராம் வகுப்பை இழந்து, முன்பிருந்ததைவிட ஒரு வகுப்புக் குறைந்தவையாக நின்றன.

நான் மேல்நிலை முதல் அணியில் ஒரு புறநகர்ப் பள்ளியில் படித்தவன். ஆய்வகம் என்று ஓர் அறை ஒதுக்கப்பட்டிருந்தது. அதில் தேர்தல் பெட்டிகள் இருந்தன. இயற்பியல் தராசு தலைமையாசிரியர் அறையில் கண்ணாடிப் பெட்டிக்குள் முதல் பருவம் முழுவதும் அமர்ந்திருந்தது. அதைத் தொட்டுப் பார்த்தவர்கள் எங்கள் வகுப்பில் இருவர்; அவர்களும் தூசி தட்டத்தான் அனுப்பப்பட்டார்கள். மேல்நிலைப் பள்ளியாகத் தரம் உயர்ந்த ஆண்டை மலரில் போடுகிறவர்கள், ஆய்வகம் கட்டி முடித்த ஆண்டையும் பக்கத்தில் போடலாம். இரண்டுக்கும் இடைவெளி எவ்வளவு என்பதே ஒரு வரலாறு.

கேள்வி: ஆவணங்களை எங்கே தேடுவது? பள்ளியில் கேட்டால் 'எல்லாம் வெள்ளத்தில் போய்விட்டது' என்கிறார்கள். (முடிச்சூர் வாசகர்)

பதில்: 2015 டிசம்பர் வெள்ளம் உங்கள் பகுதியில் செய்த சேதத்தை அறிவேன். ஆயினும் 'எல்லாம்' என்ற சொல்லை அப்படியே ஏற்க வேண்டாம். சேர்க்கைப் பதிவேடு அழிக்கக்கூடாத நிலைப் பதிவேடு. மாற்றுச் சான்றிதழ் தொலைத்தவர் நாற்பது ஆண்டு கழித்து வந்து நின்றாலும் அதைப் பார்த்துத்தான் எழுதிக் கொடுக்க வேண்டும் என்பதால், எந்தத் தலைமையாசிரியரும் அதை உயிரைப் போல் காப்பார். நீங்கள் 'பழைய ஆவணம்' என்று கேட்டிருப்பீர்கள். 'அட்மிஷன் ரிஜிஸ்டர்' என்று கேட்டுப் பாருங்கள். அதற்கு அடுத்துப் பயன்படுபவை ஆய்வு அலுவலர்கள் எழுதிய ஆண்டாய்வுக் குறிப்புகளும், ஊதியப் பட்டியலும், தளவாடப் பதிவேடும். தளவாடப் பதிவேட்டை யாரும் மதிப்பதில்லை. எனக்கு அதுதான் பிடித்தமானது. உலக உருண்டை எப்போது வந்தது, தையல் இயந்திரம் எப்போது வந்தது, இராட்டைகள் எப்போது கழித்துக் கட்டப்பட்டன என்பதெல்லாம் அதில் வரிசையாக இருக்கும். ஒரு பள்ளி எந்தக் கல்விக் கொள்கையை எப்போது கைவிட்டது என்பதை அந்தக் கழிவுப் பட்டியலைவிட நேர்மையாகச் சொல்லும் ஏடு வேறில்லை.

பள்ளிக்கு வெளியே தேடுவதானால் எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்துக்குப் போகலாம். மாகாணக் கல்வித் துறையின் ஆண்டறிக்கைகளும் பழைய அரசாணைகளும் அங்கே பாதுகாக்கப்படுகின்றன. பழைய அரசிதழ்களுக்கும் மாவட்டக் கையேடுகளுக்கும் கன்னிமாரா நூலகத்திலும் தேடிப் பார்க்கலாம். போவதற்கு முன் உங்கள் ஊர் எந்தெந்தக் காலத்தில் எந்த மாவட்டத்தில் இருந்தது என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். இல்லையென்றால் தவறான ஆவணக் கட்டைப் பிரித்துக்கொண்டு ஒரு வாரம் உட்கார்ந்திருப்பீர்கள். முடிச்சூர் நெடுங்காலம் செங்கல்பட்டு மாவட்டம். அதன் ஆட்சியர் அலுவலகம் 1859 முதல் 1968 வரை இருந்த இடம் செங்கல்பட்டு அன்று, சைதாப்பேட்டை. அதிலும் 1946இல் சைதாப்பேட்டை சென்னை மாநகராட்சியோடு சேர்ந்துவிட்டதால், ஒரு மாவட்டத்தின் தலைமையிடம் இன்னொரு நகரத்துக்குள் இருந்தது. 1968இல் அது காஞ்சிபுரத்துக்குப் போயிற்று. இடையில் செங்கை எம்.ஜி.ஆர். மாவட்டம் என்று பெயர் பெற்று, 1997இல் காஞ்சிபுரம், திருவள்ளூர் என்று இரண்டாகி, 2019இல் மறுபடியும் செங்கல்பட்டு மாவட்டம் தனியே பிரிந்தது. அம்பத்தூர், ஆலந்தூர், திருவொற்றியூர்ப் பக்கத்து வாசகர்களுக்கு இன்னொரு படியும் உண்டு: அந்த வட்டங்கள் 2018இல் சென்னை மாவட்டத்தோடு சேர்க்கப்பட்டன. இடம்விட்டு நகராத ஒரு பள்ளியின் கடிதத்தாளில் நான்கு மாவட்டப் பெயர்கள் வந்துபோயிருக்கலாம்.

ஓர் எச்சரிக்கை. சேர்க்கைப் பதிவேட்டில் சாதியும் பெற்றோரின் தொழிலும் எழுதியிருக்கும். 'முதல் அணி மாணவர்கள்' என்று அந்தப் பக்கத்தை அப்படியே படமெடுத்து மலரில் போடுகிற வழக்கம் சில இடங்களில் தொடங்கியிருக்கிறது. அது தவறு. பெயரும் சேர்ந்த ஆண்டும் போதும். அதையும் அவர்களிடமோ குடும்பத்தாரிடமோ கேட்டுக்கொண்டு போடுங்கள்.

கேள்வி: இடப் பற்றாக்குறையால் எங்கள் பள்ளி, ஆண்கள் பள்ளி, பெண்கள் பள்ளி என்று இரண்டாகப் பிரிந்தது. பழமையைக் கொண்டாடும் உரிமை யாருக்கு? (திருவொற்றியூர் வாசகர்)

பதில்: பழைய பதிவேடு எங்கே இருக்கிறதோ அது தாய்ப் பள்ளி என்பது அலுவலகக் கணக்கு. வழக்கத்தில் அது ஆண்கள் பள்ளியிடம் தங்கிவிடும். பெண்கள் பள்ளிக்குப் புதுப் பதிவேடு, புது ஆண்டு. பிரிவதற்கு முன் அதே வகுப்பறைகளில் படித்த பெண்களின் பெயர்கள் ஆண்கள் பள்ளியின் பீரோவில் கிடக்கும். எனவே இரண்டு பள்ளிகளும் ஒரே மலரைப் போடுவதுதான் முறை. செலவும் பாதியாகும்.

கேள்வி: தனியார் பள்ளிகள் 'பப்ளிக் ஸ்கூல்' என்று பெயர் வைத்துக்கொள்கின்றன. அப்படியானால் பொதுமக்கள் பணத்தில் நடக்கும் எங்கள் பள்ளிக்கு என்ன பெயர்? (நங்கநல்லூர் வாசகர்)

பதில்: இங்கிலாந்தில் ஈட்டன், வின்செஸ்டர் போன்ற பழைய பள்ளிகள், இன்ன ஊரார், இன்ன சபையார் என்று பாராமல் கட்டணம் செலுத்தக்கூடிய எவரையும் சேர்த்துக்கொண்டதால் 'பப்ளிக்' என்ற பெயர் பெற்றன. அந்தப் பாணியில் 1935இல் டேராடூனில் டூன் பள்ளி தொடங்கியது. அந்தப் பெயரின் பெருமை மட்டும் நம் தெருக்கள் வரை வந்து சேர்ந்திருக்கிறது. உங்கள் பள்ளிக்கு 'அரசு உயர்நிலைப் பள்ளி' என்ற பெயரே போதும்; அதில் குழப்பம் ஏதும் இல்லை.

கேள்வி: எங்கள் தெருவின் ஒரு முனையில் சென்னைப் பள்ளி, மறுமுனையில் அரசுப் பள்ளி. முன்பு ஒன்றியப் பள்ளி என்றும் ஒன்று இருந்தது. வேறுபாடு என்ன? (மடிப்பாக்கம் வாசகி)

பதில்: வேறுபாடு நிர்வாகத்தில்தான், பாடநூலும் பொதுத்தேர்வும் ஒன்றே. மாநகராட்சி நடத்துபவை இன்று சென்னைப் பள்ளிகள் என்ற பெயர் கொண்டவை. இவற்றுக்கு நீண்ட மரபு உண்டு: 1920இல் பி. தியாகராயர் மாநகராட்சித் தலைவராக இருந்தபோது, ஆயிரம் விளக்கில் உள்ள மாநகராட்சிப் பள்ளியில், நாளொன்றுக்கு ஒரு மாணவருக்கு ஓரணாவுக்கு மிகாத செலவில் சிற்றுண்டி வழங்கத் தீர்மானம் நிறைவேறியது. ஊராட்சி ஒன்றியப் பள்ளிகளின் ஆசிரியர்கள் 1981 ஜூன் முதல் அரசு ஊழியர் ஆனார்கள். பலகையில் மட்டும் ஒன்றியத்தின் பெயர் தொடர்ந்தது. 2011இல் மாநகராட்சியின் எல்லை 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆக விரிந்தபோது ஊர்கள் உள்ளே வந்தன, ஒன்றியப் பள்ளிகள் வரவில்லை. மாநகராட்சி வார்டுக்குள் ஒன்றியப் பள்ளி என்ற விந்தை சுமார் பத்தாண்டு நீடித்தது. பின்னர் 139 பள்ளிகள் மாநகராட்சியிடம் ஒப்படைக்கப்பட்டன. அரசு உயர்நிலைப் பள்ளிகள் இந்த மாற்றத்தில் சேரவில்லை. அவை பள்ளிக்கல்வித் துறையின் கீழேயே தொடர்கின்றன. உங்கள் தெருவின் இரு முனைகளுக்கும் இரண்டு அதிகாரிகள் இருப்பது அதனால்தான்.

கேள்வி: விழாவில் 'முதல் மாணவர்' என்று ஒருவருக்குப் பொன்னாடை போர்த்த விரும்புகிறோம். உயர்நிலைப் பள்ளிப் பதிவேட்டின் முதல் எண்ணுக்கு உரியவர் இன்றும் நம்மிடையே இருக்கிறார். அவரோ, 'நான் முதல் மாணவன் அல்லேன், எனக்கு முன்னால் எத்தனையோ பேர்' என்று மறுக்கிறார். (குன்றத்தூர் வாசகர்)

பதில்: அவர் சொல்வது சரி. தரம் உயர்ந்த அன்று புதிய பதிவேடு தொடங்கியிருப்பார்கள். முந்தைய நாள் வரை அதே வளாகத்தில் நடுநிலைப் பள்ளி மாணவராக இருந்தவரை, வரிசையில் முன்னால் நின்றார் என்பதற்காக ஒன்று என்று எழுதியிருப்பார்கள். பொன்னாடை போர்த்துங்கள், அழைப்பிதழில் 'உயர்நிலைப் பள்ளிப் பதிவேட்டின் முதல் எண் பெற்றவர்' என்று அச்சிடுங்கள். அதற்கு அவர் இசைவார் என்று நினைக்கிறேன். பொன்னாடை போர்த்தும்போது, ஒன்றியத் தொடக்கப் பள்ளியின் பதிவேட்டில் அவருடைய எண் என்ன என்பதையும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.